கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (மே 30, 1911 – சனவரி 1977) இருபதாம் நூற்றாண்டின் குறிப்பிடத்தக்க இந்திய ஓவியர்களுள் ஒருவர். கலை ஆசிரியராகவும், சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராகவும், சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்துள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் நிறுவனராகவும் அறியப்படுகிறார். தென்னிந்தியாவில் தோன்றி வளர்ந்த நவீன ஓவிய, சிற்ப முயற்சிகளைத் தொகுத்துச் சென்னைக் கலை இயக்கம் எனக் குறிப்பிடுவர். அவ்வியக்கத்தின் முன்னோடி இவரே ஆவார்.

தம் வாழ்நாள் முழுவதும் பணிக்கர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடினார் எனலாம். ஐரோப்பிய ஓவியத்தைப் படியெடுக்காமலும் பழைய இந்திய ஓவியத்தைத் திரும்ப வரையாமலும் இந்த மண்ணைச் சேர்ந்த ஒரு புதிய ஓவியத்தை எவ்வாறு உருவாக்குவது என்பது முதற் கேள்வி. அத்தகைய ஓவியத்தை வாங்குவோர் மிகக் குறைவாக உள்ள ஒரு நாட்டில் ஓவியர் எவ்வாறு பிழைப்பது என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு இவர் கண்ட விடை சொற்களும் குறியீடுகளும் என்ற ஓவிய வரிசை. இரண்டாவது கேள்விக்குக் கண்ட விடை சோழமண்டலம். இவருடைய ஓவியங்களுக்கெனத் திருவனந்தபுரத்தில் தனிக் கலைக்கூடம் ஒன்று உள்ளது. சோழமண்டலத்தில் சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் இவர் பெயரால் இயங்குகிறது.

இளமை

பணிக்கர் 1911 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் கோயம்புத்தூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் கோயம்புத்தூரும் மலபாரும் சென்னை மாகாணத்தின் மாவட்டங்களாக இருந்தன. ஆகவே மலபாரில் வேர்கொண்ட ஒரு குடும்பம் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வாழ்வது ஒரே மாகாணத்துக்குள் நிகழ்ந்த இடப்பெயர்வாகவே இருந்தது. பிற்காலத்தில் தமிழ்நாடும் கேரளமும் இவரைத் தம் ஓவியராகக் கருதுவதற்கு இப்பின்னணியே காரணம்.

சிறு வயதின் ஒரு பகுதியை இவர் கேரளச் சிற்றூர்ப் புறத்தில் கழித்தார். தென்னந்தோப்புகள், வாய்க்கால்கள், வயல்கள், மழைக்காலப் பச்சை ஆகியன இவருடைய தொடக்க கால ஓவியங்களை நிறைத்தன. பன்னிரண்டு வயதளவிலேயே நிலக்காட்சிகளை வரையத் தொடங்கினார். பதினேழு வயதை எட்டிய காலத்தில் சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. அப்போது இவர் எந்தக் கலைப் பள்ளியிலும் பயின்றிருக்கவில்லை.

எனினும் ஓவியத்தை உடனே தொழிலாகக் கொள்ள இயலவில்லை. குடும்பப் பொறுப்பின் காரணமாகத் தந்தித் துறையில் பணிபுரிந்தார். காப்பீட்டு முகவராகவும் இருந்தார். ஓய்வு நேரத்தில் வரைந்துவந்தார். இவர் கலைப் பள்ளியில் சேர்ந்தபோது வயது இருபத்தைந்து. உடன் பயின்ற பலரைவிட இவர் மூத்தவர். சம்பளத்துக்கு வேலை பார்த்துப் பழகியவர். ஓவியருடைய வயிற்றுப்பாடு பற்றிய கவலை பிற்காலத்தில் இவருடைய செயல்களில் முதன்மை பெற்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சென்னைக் கலைப் பள்ளியில்

சென்னை எழும்பூருக்கு அருகே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கலைப் பள்ளி, 1850 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் அண்ட்டர் என்ற ஆங்கிலேய மருத்துவரால் தொடங்கப்பட்டது. பின்னர் அரசின் பொறுப்பில் வந்தது. இந்தியாவின் பழமையான கலைப் பள்ளிகளுள் இதுவும் ஒன்று. ஓவியர்களை உருவாக்குவது இதன் தொடக்க கால நோக்கமன்று. மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை, நெசவு போன்றவற்றில் தேர்ந்த கைவினைஞர்களை உருவாக்குவதே முதன்மை நோக்கமாக இருந்தது. ஓவியமும் சிற்பமும் தனிக் கலைகளாக இங்கு வலுப்பெற்றது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 இல் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பிறகே ஆகும்.

வங்காளத்தைச் சேர்ந்த ராய் சௌத்ரி (1899–1975), அபனீந்திரநாத் தாகூரின் மாணவர். இப்பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர். சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவரும் இவரே. வங்காள ஓவிய மரபில் பயின்றிருந்தும் அந்த மரபை இவர் மாணவர்கள்மீது திணிக்கவில்லை. மனித உருவத்தை நேரில் கண்டு வரைதல், வெளியே சென்று நிலக்காட்சி வரைதல் ஆகிய பயிற்சிகளை வலியுறுத்தினார்.

பணிக்கர் 1936 இல் இப்பள்ளியில் சேர்ந்து 1940 இல் பட்டயம் பெற்றார். மறு ஆண்டே இங்கு ஆசிரியரானார். அதன் பின் 1967 இல் ஓய்வு பெறும்வரை இவருடைய பணி வாழ்வு இப்பள்ளியிலேயே கழிந்தது.

முற்போக்கு ஓவியர் சங்கம்

1944 இல் பணிக்கர் வேறு சில ஓவியர்களுடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார். அக்காலத்தில் இந்திய நகரங்கள் சிலவற்றில் இத்தகைய குழுக்கள் தோன்றின. கல்கத்தா குழு 1943 இல் அமைந்தது. பம்பாய் முற்போக்குக் கலைஞர் குழு 1947 இல் அமைந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் தோன்றியது சென்னைச் சங்கம். பம்பாய்க் குழு சில ஆண்டுகளில் கலைந்தது. சென்னைச் சங்கமோ நெடுங்காலம் இயங்கியது.

அன்றைய சென்னையில் இசைக்கும் நடனத்துக்கும் சபைகள் இருந்தன. கச்சேரிப் பருவம் இருந்தது. நாள்தோறும் எழுதும் விமரிசகர்கள் இருந்தனர். ஓவியத்துக்கு இவற்றுள் எதுவும் போதிய அளவில் இல்லை. கண்காட்சிக்கூடங்கள் அரிது, நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அதனினும் அரிது. சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சிகளை நடத்தியது. ஓவியர்கள் ஒருவர் படைப்பை மற்றொருவர் கண்டு விவாதிக்கவும் அது களமாக அமைந்தது. பின்னர் 1960களின் தொடக்கத்தில் ஆர்ட் டிரெண்ட்சு என்ற ஆங்கிலக் கலை இதழையும் சங்கத்தின் சார்பில் பணிக்கர் வெளியிட்டார். தென்னிந்திய ஓவியர்களின் படைப்புகள் பிற மாநிலத்தவர்க்கு அறிமுகமாக அவ்விதழ் உதவியது.

ஐரோப்பியப் பயணம்

1954 இல் பணிக்கர் ஐரோப்பாவுக்குச் சென்றார். இலண்டனிலும் பாரிசிலும் இவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதுவரை அச்சுப் படிகளில் மட்டும் கண்டிருந்த ஐரோப்பிய நவீன ஓவியங்களை அருங்காட்சியகங்களில் நேரில் காணும் வாய்ப்பை இப்பயணம் அளித்தது. குறிப்பாக, உருவங்களை விட்டு நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் கொண்டு வரையும் அரூப ஓவியங்கள் அப்போது அங்குச் செல்வாக்குப் பெற்றிருந்தன.

இப்பயணம் இவரை இரு வகையில் பாதித்தது. ஓவியம் கண்ணெதிரே உள்ள ஒன்றை அப்படியே காட்ட வேண்டியதில்லை என்ற துணிவை அது தந்தது. அதே வேளையில், ஐரோப்பியர் தம் வரலாற்றின் போக்கில் அடைந்த ஒரு நடையை இந்திய ஓவியர் கடன் வாங்குவதால் பயனில்லை என்ற எண்ணத்தையும் அது வலுப்படுத்தியது. இவருடைய அடுத்த பத்தாண்டுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேடுவதில் கழிந்தன.

ஓவிய நடையின் வளர்ச்சி

பணிக்கரின் ஓவியங்களை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காணலாம். ஒரு கட்டத்தின் கூறுகள் அடுத்த கட்டத்திலும் தொடர்ந்ததால் இப்பிரிவுகள் ஓரளவுக்கே பொருந்தும்.

நிலக்காட்சிகள்

தொடக்க கால ஓவியங்கள் பெரும்பாலும் நீர்வண்ணத்தில் அமைந்தவை. நீர்நிலைகள், தென்னைகள், ஓலைக் கூரைகள், வெயிலும் நிழலும் இவற்றின் பொருள்கள். ஆங்கிலேய நீர்வண்ண மரபின் தாக்கம் இவற்றில் உண்டு. எனினும் பச்சையையும் மஞ்சளையும் அடர்த்தியாகப் பயன்படுத்தியதில் இவருடைய தனித்தன்மை தெரிகிறது. வான்கோ, கோகன் ஆகியோரின் செல்வாக்கினால் 1940களில் தூரிகை வீச்சு வேகம் பெற்றது. நிறங்கள் மேலும் அழுத்தமாயின.

மனித உருவங்கள்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் இவருடைய கவனம் மனிதர்கள்பால் திரும்பியது. புத்தர், இயேசு, காந்தி ஆகியோரின் வாழ்விலிருந்து எடுத்த பொருள்களும், தாயும் சேயும், தெருவோர மக்கள் போன்ற பொருள்களும் இக்காலத்தில் இடம்பெற்றன. 1951 இல் வரைந்த, அமைதி செய்வோர் பேறுபெற்றோர் என்று பொருள்படும் தலைப்புடைய ஓவியம் காந்தியை மையமாகக் கொண்டது. புத்தரின் பிறப்பைக் குறிக்கும் லும்பினி என்ற ஓவியமும் இவ்வகையைச் சேர்ந்தது. இவ்வோவியங்களில் உருவங்கள் நீண்டும் தட்டையாகவும் அமைந்துள்ளன. ஒளி நிழலால் உருவத்தைத் திரட்டிக் காட்டுவதற்குப் பதிலாகக் கோட்டினால் உருவத்தை வரையறுக்கும் முறையை இவர் கையாண்டார்.

கோட்டுக்கு முதன்மை தருவது தமிழகச் சுவரோவிய மரபுக்குப் புதிதன்று. சித்தன்னவாசல் ஓவியங்களிலும், விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயிலில் எஞ்சியுள்ள அம்மையின் ஓவியத்திலும் உருவத்தைத் தாங்குவது கோடே ஆகும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் பிற்கால ஓவியப் பூச்சின் அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்கள் 1931 இல் எசு. கே. கோவிந்தசாமியால் கண்டறியப்பட்டன. பணிக்கர் தலைமுறையினர் ஓவியம் பயின்ற ஆண்டுகள், தென்னாட்டுக்கும் ஒரு நெடிய ஓவிய மரபு உண்டு என்பது அறிஞர் உலகில் உறுதிப்பட்டுவந்த ஆண்டுகளும் ஆகும்.

தோட்டம்

1950களின் பிற்பகுதியில் தோட்டம் என்ற பொருளில் ஓர் ஓவிய வரிசையை வரைந்தார். இவற்றில் செடிகொடிகளும் மனிதர்களும் விலங்குகளும் ஒரே தளத்தில் நெருக்கமாக அமைந்துள்ளன. தொலைவு, அண்மை என்ற வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. கண்காட்சியில் இவற்றை முதலில் காண்போர்க்கு ஒரு பாயில் அல்லது துணியில் நெய்த கோலம் போலத் தோன்றக்கூடும். அடுத்த கட்டத்துக்கான அடித்தளம் இங்கே அமைந்தது.

சொற்களும் குறியீடுகளும்

1963 அளவில் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையே பணிக்கருக்கு நிலைத்த புகழைத் தந்தது. மாணவர் ஒருவருடைய குறிப்பேட்டில் எண்களும் சமன்பாடுகளும் கோட்டுப் படங்களும் நிறைந்த பக்கத்தைக் கண்டது இவ்வரிசைக்குத் தூண்டுதலாக அமைந்தது. அப்பக்கத்தில் எழுதியவர் கூற வந்த பொருள் ஒருபுறமிருக்க, பக்கத்தின் தோற்றமே ஓவியமாக இவருக்குப் பட்டது.

முதலில் எண்கள், உரோமன் எழுத்துகள், கணிதக் குறிகள் ஆகியவற்றைப் பயன்படுத்தினார். பின்னர் மலையாள எழுத்தின் வளைவுகளை எடுத்துக்கொண்டார். ஓவியப் பரப்பு ஒரு கையெழுத்துப் படியின் பக்கம் போல வரிசைகளாகவும் கட்டங்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் நெருக்கமான எழுத்து வரிகள், சாதகக் கட்டங்கள், முக்கோணங்கள், வட்டங்கள், அட்டவணைகள், சிறு பறவை, மீன், பாம்பு, மனித உருவம் ஆகியன இடம்பெறும். எழுத்தறிந்தவர் இவ்வரிகளைப் படிக்க முயன்றால் எந்தச் சொல்லும் கிடைக்காது. அவை எழுத்தின் சாயலைக் கொண்ட கோடுகளே.

இம்முயற்சியின் சிறப்பு பின்வருமாறு விளக்கப்படுகிறது. அரூப ஓவியம் வரைய விரும்பிய இந்திய ஓவியர் பலர் ஐரோப்பிய வடிவங்களிலிருந்து தொடங்கினர். பணிக்கர் அதற்கு மாறாக, இந்நாட்டு எளிய மக்களின் வீடுகளிலேயே இருந்த அரூப வடிவங்களை எடுத்துக்கொண்டார். சாதகம், ஏட்டுச்சுவடி, மந்திரத் தகடு, கணக்கேடு ஆகியவற்றை எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்டிருப்பர். அவற்றின் பொருள் விளங்காவிடினும் அவை ஏதோ ஒன்றைக் கூறுகின்றன என்ற உணர்வு அவர்களுக்கு உண்டு. அந்த உணர்வையே இவ்வோவியங்கள் எழுப்புகின்றன. 1960களிலும் 1970களிலும் பேசப்பட்ட நவ தாந்திரிக ஓவியப் போக்குடன் இவற்றைச் சிலர் இணைத்துக் காண்பர். ஆயினும் சமயச் சடங்கு எதற்கும் பயன்படும் வகையில் இவை வரையப்படவில்லை.

ஆசிரியராகவும் முதல்வராகவும்

ராய் சௌத்ரி 1957 இல் ஓய்வு பெற்ற பின் பணிக்கர் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதன் பின்வந்த பத்தாண்டுகள் அப்பள்ளியின் வரலாற்றில் மிகவும் பேசப்படுபவை. சிற்பி எசு. தனபால் (1919–2000), ஓவியர் எல். முனுசாமி போன்றோர் இக்காலத்தில் ஆசிரியர்களாக இருந்தனர். ஏ. பி. சந்தானராசு, பி. வி. சானகிராம், ரெட்டப்ப நாயுடு, கே. எம். ஆதிமூலம், கே. வி. அரிதாசன், எசு. ஜி. வாசுதேவ், வி. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன், ஆர். பி. பாசுகரன் எனப் பிற்காலத்தில் புகழ்பெற்ற பலர் இப்பள்ளியில் பயின்று வெளிவந்தவர்கள்.

இவர்களுடைய படைப்புகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஆதிமூலத்தின் (1938–2008) காந்தி கோட்டோவியங்களையும், சானகிராம் உலோகத் தகட்டில் வடித்த சிற்பங்களையும், சந்தானராசின் விரைவான கோடுகளையும் அருகருகே வைத்தால் ஒரே பள்ளியின் விளைபொருள்கள் என எளிதில் கூற இயலாது. தம் நடையை மாணவர்கள் பின்பற்ற வேண்டும் என்று பணிக்கர் எதிர்பார்க்கவில்லை என்பதற்கு இவ்வேறுபாடே சான்றாகும். கோட்டின்பால் கொண்ட ஈடுபாடும், உள்ளூர் மரபிலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணமும் மட்டுமே இவர்களுக்குப் பொதுவானவை.

சோழமண்டலம்

பின்னணி

பள்ளி ஆண்டுதோறும் தேர்ந்த ஓவியர்களை வெளியே அனுப்பியது. அவர்களுக்குக் காத்திருந்த வாழ்வு வேறாக இருந்தது. விளம்பர நிறுவனங்கள், துணி ஆலைகளின் வடிவமைப்புப் பிரிவுகள், திரைப்படத் துறை, பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் பணி ஆகியனவே பெரும்பாலோர்க்குக் கிடைத்த வாய்ப்புகள். நாள் முழுதும் பிறருக்காக வரைந்தவர் மாலையில் தமக்காக வரைவது அரிதாயிற்று. சில ஆண்டுகளில் திறமை மிக்க மாணவர் பலர் ஓவியத்தையே கைவிடுவதை முதல்வராக இருந்த பணிக்கர் கண்டார்.

கைவினை வழி

இதற்குக் கண்ட தீர்வு, அப்பள்ளி தொடக்கத்தில் கற்பித்துவந்த கைவினையிலேயே இருந்தது. ஓவியர்கள் நாளின் ஒரு பகுதியில் கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வாழ்க்கைச் செலவை ஈட்டுவது. எஞ்சிய நேரத்தில் விற்பனை பற்றிக் கவலைப்படாமல் தம் விருப்பப்படி ஓவியம் வரைவது என்பதே திட்டம். 1960களின் முற்பாதியில் ஓவியர் கைவினைச் சங்கம் இந்நோக்கத்துடன் அமைக்கப்பட்டது.

முதலில் பெருமளவில் கைகொடுத்தது பாத்திக் துணி வேலை. துணியில் உருக்கிய மெழுகால் கோலம் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடங்களில் சாயம் ஏறாது. பின்னர் மெழுகை நீக்கி, வேறு இடங்களில் மெழுகிட்டு, அடுத்த சாயத்தில் தோய்ப்பர். மெழுகில் ஏற்படும் வெடிப்புகளின் வழியே சாயம் கசிந்து மெல்லிய நரம்புகள் போன்ற கோடுகளை உண்டாக்கும். வரையத் தெரிந்தவருக்கு இக்கைவினை விரைவில் கைவரும். தேவையான கருவிகளும் மிகக் குறைவு. ஓவியர்களின் பாத்திக் துணிகளுக்குச் சென்னையில் நல்ல வரவேற்புக் கிடைத்தது. உலோகவேலை, மட்பாண்டம் போன்றவையும் உடன் சேர்ந்தன.

கிராமம் அமைதல்

இவ்வாறு திரட்டிய பொருளைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கப்பட்டது. 1966 இல் ஓவியர் கிராமம் உருவாயிற்று. சோழமண்டலக் கடற்கரையின் பெயரே கிராமத்துக்கும் இடப்பட்டது. ஐரோப்பிய வணிகர்களின் நாவில் கோரமண்டல் எனத் திரிந்த பெயர் இதுவே.

ஈஞ்சம்பாக்கம் அன்று நகரத்தின் பகுதியன்று. மணலும் சவுக்கும் மீனவர் குப்பங்களும் கொண்ட இடம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலை பின்னாளில் பெற்ற வடிவத்தை அப்போது பெறவில்லை. முதலில் குடியேறியவர்கள் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தனர். நிலத்தைச் சீர்செய்தல், கிணறு வெட்டுதல், பொதுப் பணிமனைகளை அமைத்தல் ஆகியவற்றைத் தாமே முன்னின்று செய்தனர். கைவினை விற்பனையின் ஒரு பங்கு சங்கத்துக்குச் சென்றது. ஒவ்வோர் ஓவியரும் படிப்படியாகத் தமக்கென வீடும் பணிக்கூடமும் அமைத்துக்கொண்டனர். அரசு மானியத்தையோ வள்ளல்களையோ நம்பி நில்லாமல், ஓவியர்கள் தம் கைத்தொழிலால் எழுப்பிய குடியிருப்பு என்பதே சோழமண்டலத்தின் தனிச்சிறப்பு.

சே. சுல்தான் அலி, கே. வி. அரிதாசன், எசு. ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே. இராமானுசம், வி. விசுவநாதன் முதலியோர் இக்கிராமத்துடன் தொடர்புடையவர்கள். பணிக்கரின் மகனும் சிற்பியுமான எசு. நந்தகோபால் (1946–2017) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்குக் கழித்தார். கனவுலகை ஒத்த நுணுக்கமான கோட்டோவியங்களை வரைந்த இராமானுசம் 1973 இல் இளம் வயதிலேயே இறந்தார். பேசுவதிலும் பழகுவதிலும் பெரும் இடர்ப்பாடு கொண்டிருந்த அவருக்கு வரைவதற்கான இடத்தையும் துணையையும் இக்கிராமம் அளித்தது. வெளியுலகில் தனித்து விடப்பட்டிருந்தால் அவ்வோவியங்களுள் பல தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

இறுதிக் காலம்

1967 இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர் சோழமண்டலத்திலேயே வாழ்ந்து ஓவியம் வரைந்தார். சொற்களும் குறியீடுகளும் வரிசை இக்காலத்திலும் தொடர்ந்தது. முந்தைய ஓவியங்களில் நெருங்கி நின்ற எழுத்து வரிகள் சில ஓவியங்களில் குறைந்து, வெற்றிடமும் தனித்த உருவங்களும் மிகுந்தன. நடுவண் லலித் கலா அகாதமி இவருக்குத் தன் உயரிய சிறப்பான பெல்லோசிப்பை வழங்கியது. 1977 சனவரியில் சென்னையில் காலமானார். கிராமம் தொடங்கிப் பத்தாண்டுகளே கடந்திருந்தன. நிறுவனர் மறைந்த பின் கிராமம் கலைந்துவிடக்கூடும் என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. எனினும் உறுப்பினர்கள் அதனைத் தொடர்ந்து நடத்தினர்.

நினைவுக் கலைக்கூடங்களும் அருங்காட்சியகங்களும்

திருவனந்தபுரம்

திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில், ரவி வர்மாவின் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற சிறீ சித்திரா கலைக்கூடத்தைச் சார்ந்து, பணிக்கர் கலைக்கூடம் 1979 இல் நிறுவப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இங்குள்ளன. ஒரு தனி ஓவியரின் வளர்ச்சியை ஒரே இடத்தில் காண வகைசெய்யும் கலைக்கூடங்கள் தென்னிந்தியாவில் குறைவு என்பதால் இது மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும். பசுமையான நிலக்காட்சிகளை வரைந்தவரும் படிக்க இயலாத எழுத்துகளை வரைந்தவரும் ஒருவரே என்பது தனித்தனி ஓவியங்களைக் காணும்போது வியப்பளிக்கும். இடைப்பட்ட ஓவியங்களையும் சேர்த்துக் காணும்போது அம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது புலப்படும். பச்சை நிறம் மட்டும் பெரும்பாலும் உடன்வந்துகொண்டே இருப்பதைக் கவனிக்கலாம்.

ரவி வர்மாவின் ஓவியங்களுக்கு அருகே இக்கலைக்கூடம் அமைந்திருப்பதும் ஒப்பீட்டுக்கு வாய்ப்பளிக்கிறது. ரவி வர்மா ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கற்று அதனால் இந்தியப் புராணங்களைத் தீட்டினார். பணிக்கர் ஐரோப்பிய நவீன ஓவியம் தந்த சுதந்திரத்தை ஏற்று, வடிவங்களை உள்ளூரிலிருந்து எடுத்துக்கொண்டார்.

சோழமண்டலம்

சோழமண்டலத்தில் தற்காலக் கலை மையம் 2009 இல் திறக்கப்பட்டது. இதில் பணிக்கர் பெயரிலான சென்னைக் கலை இயக்க அருங்காட்சியகம் அமைந்துள்ளது. இங்குப் பணிக்கரின் ஓவியங்களுடன், அவருடைய மாணவர்கள், உடன் பணியாற்றியோர் ஆகியோரின் ஓவியங்களும் சிற்பங்களும் வைக்கப்பட்டுள்ளன. திறந்தவெளிச் சிற்பப் பூங்காவும் உள்ளது. திருவனந்தபுரத்தில் பணிக்கரைத் தனி ஓவியராகக் காணலாம். இங்கு ஓர் இயக்கத்தின் நடுவே காணலாம். அருங்காட்சியகத்தைச் சுற்றியே ஓவியர்களின் வீடுகளும் பணிக்கூடங்களும் உள்ளன என்பது மற்றொரு வேறுபாடு.

புது தில்லியிலுள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்தின் சேகரிப்பிலும் இவருடைய ஓவியங்கள் உள்ளன.

மதிப்பீடு

பணிக்கரின் ஓவியங்கள்பற்றிய கருத்துகள் ஒருமித்தவையல்ல. சொற்களும் குறியீடுகளும் வரிசை இந்திய அரூப ஓவியத்துக்கு ஒரு தனி வழியைத் திறந்தது என்பர் பலர். பொருள் தராத எழுத்துகளும் பயன் நீங்கிய சாதகக் கட்டங்களும் வெறும் அலங்காரமாக நின்றுவிடும் இடர் உண்டு என்பது மறுதரப்பு. பின்வந்த சிலர் இவருடைய குறியீடுகளை எளிதில் படியெடுத்தது இரண்டாவது கருத்துக்கு வலுவூட்டியது.

சோழமண்டலம்பற்றியும் இத்தகைய விவாதம் உண்டு. பெண் ஓவியர்கள் இயக்கத்தில் மிகச் சிலரே இடம்பெற்றனர். ஓவியங்களுக்கே சந்தை உருவான பின் கைவினையின் பங்கு குறைந்தது. 2011 இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. நகரம் கிராமத்தைச் சூழ்ந்துகொண்டது. நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. மணல்வெளியில் குறைந்த செலவில் இளம் ஓவியர்கள் கூடி வாழ்வது என்ற தொடக்க காலச் சூழல் அங்கு மறைந்துவிட்டது. ஆனால் அக்கிராமத்தைத் தோற்றுவித்த சிக்கல் மறையவில்லை. கலைக் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் மாணவர்கள் தாம் விரும்பியதை வரைந்து வாழ இயலுமா என்ற கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகவே எதிர்கொள்கிறது. அதற்குச் செயல்வடிவில் அளிக்கப்பட்ட விடைகளுள் நெடுங்காலம் நிலைத்து நின்ற ஒன்றாகப் பணிக்கரின் சோழமண்டலம் கருதப்படுகிறது.

முக்கிய ஆண்டுகள்

1911 – கோயம்புத்தூரில் பிறப்பு
1936 – சென்னை அரசு கலைப் பள்ளியில் சேர்தல்
1940 – பட்டயம் பெறுதல்
1941 – அதே பள்ளியில் ஆசிரியராதல்
1944 – முற்போக்கு ஓவியர் சங்கம் தொடக்கம்
1954 – ஐரோப்பியப் பயணம், கண்காட்சிகள்
1957 – கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு
1963 – சொற்களும் குறியீடுகளும் வரிசையின் தொடக்கம்
1966 – சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைதல்
1967 – அரசுப் பணியிலிருந்து ஓய்வு
1977 – சென்னையில் மறைவு
1979 – திருவனந்தபுரத்தில் பணிக்கர் கலைக்கூடம்
2009 – சோழமண்டலத்தில் சென்னைக் கலை இயக்க அருங்காட்சியகம்